சிங்கப்பூர்த் தூக்கும் 15 கிராமும்

11 அக்டோபர் 2025, திருச்சியிலிருந்து ஒருவர் கேட்டது

எங்க ஊர்ல காலேஜ் வாசல்லயே பொட்டலம் கிடைக்குது. பிடிக்கிறாங்க, ஜாமீன்ல வந்துடறான், அடுத்த வாரம் அதே மரத்தடியில நிக்கிறான். சிங்கப்பூர் மாதிரி பத்து பேரைத் தூக்குல போட்டா ஒரே மாசத்துல எல்லாம் அடங்கிடும். எதிர்த்துப் பேசறவங்க அங்க போய் வாழ்ந்து பார்த்துட்டுப் பேசட்டும். அங்க இருக்கிற தமிழர்கள் சொல்லுங்க, நான் சொல்றது தப்பா?

11 அக்டோபர், இரவு

வாழ்வது மலேசியாவின் ஜொகூர் பாருவில், பிழைப்பது பாலத்துக்கு அந்தப் பக்கம் சிங்கப்பூரில். அதனால் எனக்குப் பாதித் தகுதிதான் உண்டு, தம்பி. விடியற்காலையில் மோட்டாரில் கடற்பாலத்தைத் தாண்டுகிற கூட்டத்தில் நானும் ஒருவன்.

முதலில் கணக்கு. அங்கே போதைப்பொருளுக்குக் கட்டாயத் தூக்கு, அதாவது நீதிபதிக்கு வேறு வழியே இல்லாத தூக்கு, 1975-ல் வந்தது. ஒரு மாதம் என்கிறீர்கள், ஐம்பது வருஷம் ஆகிவிட்டது. பத்து பேர் என்கிறீர்கள், 2022-ல் மட்டும் 11 பேர், அத்தனையும் போதைப்பொருள் வழக்கு. மூன்று நாளுக்கு முன்னால், அக்டோபர் 8-ஆம் தேதி, சாங்கி சிறையில் பன்னீர்செல்வத்தைத் தூக்கிலிட்டார்கள். ஈப்போக்காரர். 2014-ல் உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியில் பிடிபட்டவர், 51.84 கிராம் ஹெராயின். அதற்கு இரண்டு வாரம் முன்னால் தட்சணாமூர்த்தி, 44.96 கிராம். இரண்டு பேரும் மலேசியத் தமிழர்கள்.

அடங்கிவிட்டதா? இன்றும் அறுபது லட்சம் பேர் இருக்கிற அந்த ஊரில் வருஷத்துக்கு மூவாயிரம் பேர் வரை போதைப்பொருள் உட்கொண்டதற்காகப் பிடிபடுகிறார்கள். சரக்கு எங்கிருந்தோ வந்துகொண்டுதானே இருக்கிறது?

12 அக்டோபர்

நேற்று எழுதியது ஒரு பக்கம்தான். நியாயமாக மற்றதையும் சொல்ல வேண்டும்.

அங்கே அடுக்குமாடி புளோக் அடியில் ஊசி கிடந்து நான் பார்த்ததில்லை. எங்கள் தாமான் (குடியிருப்பு) பின்னால் ஓடும் சாக்கடை ஓரத்தில் பார்த்திருக்கிறேன். இரவு ஷிஃப்ட் முடிந்து பெண்கள் தனியாக நடந்து போகிறார்கள். இதையெல்லாம் மறைத்துவிட்டுப் பேசுகிற கட்சி நான் இல்லை.

ஆனால் அதைச் செய்வது கயிறுதானா என்பதில்தான் எனக்குச் சந்தேகம். எல்லையின் இந்தப் பக்கத்தைப் பாருங்கள். எங்கள் சட்டம் 1952-ஆம் வருஷத்து அபாயகர மருந்துச் சட்டம். அதில் 39பி பிரிவு. 1983-லிருந்து 2023 வரை கட்டாயத் தூக்கு. எல்லை, ஹெராயினுக்குச் சிங்கப்பூரின் அதே 15 கிராம், கஞ்சாவுக்கு 200 கிராம், சிங்கப்பூரின் 500-ஐவிடக் கடுமை. 1986-ல் புடு சிறையில் இரண்டு ஆஸ்திரேலியர்களைத் தூக்கிலிட்டபோது உலகமே திரும்பிப் பார்த்தது. அதற்குப் பிறகு எங்கள் தோட்டப்புறத்தில் தூள் நின்றதா? நிற்கவில்லை. நான் பள்ளிக்கூடம் போன தொண்ணூறுகளில் என் வகுப்புப் பையன்கள் மூன்று பேர் அதில் விழுந்தார்கள். ஒருவன் எழுந்து வந்தான், இப்போது கிரேன் ஓட்டுகிறான். மற்ற இருவரைப் பற்றி எழுத மனமில்லை.

கயிறு இரண்டு பக்கமும் ஒன்றாகத்தான் இருந்தது. வித்தியாசம் வேறு. அந்தப் பக்கம் போலீஸ்காரன் கையில் காசு வைக்க முடியாது. ஒரு தடவை மாட்டியவன் வெளியே வந்த பிறகும் வருஷக்கணக்கில் சிறுநீர் சோதனைக்குப் போய் நிற்க வேண்டும். போகாமல் விட்டால் அதுவே தனிக் குற்றம். மறுவாழ்வு நிலையத்தில் அடைப்பதற்கு நீதிமன்றம்கூடத் தேவையில்லை, மத்திய போதைப்பொருள் ஒழிப்புப் பிரிவின் இயக்குநர் உத்தரவு போதும். நுழைய இரண்டு பாலம், விமான நிலையம், கொஞ்சம் துறைமுகம். நாடு என்பதைவிட நல்ல கதவு போட்ட வீடு என்று சொல்லலாம். தமிழ்நாட்டுக்கு எத்தனை கதவு, தம்பி?

12 அக்டோபர், கொஞ்ச நேரம் கழித்து

"பயம் இருக்கா இல்லையா, அதைச் சொல்லுங்க" என்று கேட்டிருக்கிறார்.

இருக்கிறது. எனக்கு இருக்கிறது. முன்பெல்லாம் நுழையும்போது நிரப்பிக் கொடுக்கும் வெள்ளை அட்டையில் கடத்தினால் மரணம் என்று சிவப்பு எழுத்தில் போட்டிருப்பார்கள். இருமல் மருந்துக்கே நான் யோசிப்பேன். ஆனால் நான் எப்படியும் கடத்தப் போகிறவன் இல்லையே. சம்பளம் வருகிறவன், வீட்டுக்கடன் கட்டுகிறவன், பிள்ளை படிக்கிறவன், இவனெல்லாம் பயப்படுவான். ஆலோங்கிடம் (கந்துவட்டிக்காரனிடம்) வாங்கிய காசுக்கு வாசலில் சிவப்புச் சாயம் அடித்துவிட்டுப் போன வீட்டுப் பையனிடம் போய்க் கேளுங்கள். அவனுக்கு இந்த வெள்ளிக்கிழமையைத் தாண்டுவதுதான் கணக்கு.

14 அக்டோபர்

சிங்கப்பூரில் சட்டம் எப்படி வேலை செய்கிறது என்று இரண்டு பேர் கேட்டதால் எழுதுகிறேன். நான் வக்கீல் இல்லை. பக்கத்து வீட்டு விஷயமாக நிறையப் படிக்க வேண்டி வந்தது, அதை அப்புறம் சொல்கிறேன்.

எல்லாம் எடை. தூய ஹெராயின் 15 கிராமைத் தாண்டினால் தூக்கு. கொக்கெயின் 30, ஐஸ் (மெத்தாம்பெட்டமின்) 250, கஞ்சா 500, அபின் 1,200. ஹெராயின் 2 கிராமுக்கு மேல் கையில் இருந்தாலே விற்கத்தான் வைத்திருக்கிறாய் என்று சட்டம் ஊகித்துக்கொள்ளும், இல்லை என்று நீதான் நிரூபிக்க வேண்டும். சரக்கு இருக்கும் பையோ, வீட்டுச் சாவியோ உன்னிடம் இருந்தால் சரக்கும் உன்னுடையது என்று ஊகம். கையில் இருந்தால் அது இன்ன பொருள் என்று உனக்குத் தெரியும் என்றும் ஊகம். மலேசியாவில் இப்படி ஊகத்தின்மேல் ஊகம் அடுக்குவதை எங்கள் உச்ச நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றம் 2019-ல் செல்லாது என்றது, ஒரு பிலிப்பினோ பெண்ணின் வழக்கில். சிங்கப்பூரில் எந்த ஊகத்தை எதோடு சேர்க்கலாம் என்பதிலேயே வழக்குகள் உண்டு. ஆனாலும் 'எனக்குத் தெரியாது' என்பதை நிரூபிக்கும் பாரம் பையைத் தூக்கி வந்தவன் தலையில்தான்.

இப்படித்தான் கோபி அவேடியான். மகளின் அறுவை சிகிச்சைக்குப் பணம் வேண்டியிருந்தது. டிஸ்கோவில் சாக்லேட்டோடு கலந்து விற்கிற லேசான சாமான் என்று சொல்லிக் கொடுத்ததை எல்லை தாண்டிக் கொண்டு போனார். உயர் நீதிமன்றம் அவர் சொன்னதை நம்பியது, 15 வருஷம், 10 பிரம்படி. மேல்முறையீட்டில் தூக்கு. பிறகு 2020 அக்டோபரில் அதே மேல்முறையீட்டு நீதிமன்றம் திரும்பப் பார்த்து, பழைய 15 வருஷத்தையே நிறுத்தியது. மனிதர் அதே மனிதர், பை அதே பை. நடுவில் இரண்டு வருஷம் மரண தண்டனைக் கைதி.

14 அக்டோபர், இரவு

14.99.

இந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூர்த் தீர்ப்புகளைப் படித்தால் அடிக்கடி வரும். '14.99 கிராமுக்குக் குறையாத' ஹெராயின். கஞ்சா என்றால் 499.99. யாரும் தராசில் அப்படி நிறுத்துக் கொண்டுவரவில்லை. அரசு வழக்கறிஞர் மனசு வைத்தால் கைப்பற்றியது 20 கிராமோ 30 கிராமோ, குற்றச்சாட்டில் 14.99 என்று எழுதுவார். அப்போது தூக்கு போய், குறைந்தது 20 வருஷமும் 15 பிரம்படியும். மனசு வைக்கவில்லை என்றால் நீதிபதியாலும் ஒன்றும் செய்ய முடியாது. ஆக உயிரை நிறுக்கும் இடம் நீதிமன்றம் அல்ல, அதற்கு முன்னால் ஓர் அலுவலக மேசை.

15 அக்டோபர்

ஒருவர் கோபமாக: "2012-லேயே சட்டத்தை மாத்திட்டாங்க, வெறும் தூக்கிட்டுப் போறவனுக்கு இப்போ தூக்கு கிடையாது. தெரியாம எழுதாதீங்க."

தெரியும் ஐயா. 2013 ஜனவரியிலிருந்து நடைமுறை. ஆனால் பாதியைத்தான் சொல்கிறீர்கள். வெறும் சுமந்து போனவன் என்று காட்டினால் மட்டும் போதாது. போதைப்பொருள் நடமாட்டத்தைக் குலைக்கும் அளவுக்கு உருப்படியான தகவல் கொடுத்தான் என்று அரசு வழக்கறிஞர் சான்றிதழும் தர வேண்டும். இல்லையென்றால் புத்தி பாதிக்கப்பட்டவன் என்று காட்ட வேண்டும். நாகேந்திரன் தர்மலிங்கத்தின் ஐக்யூ 69. 42.72 கிராமைத் தொடையில் கட்டிக்கொண்டு வந்தவர். அது போதாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2022 ஏப்ரலில் தூக்கு.

சான்றிதழ் விஷயத்தை யோசித்துப் பாருங்கள். யாருக்குத் தகவல் தெரியும்? மேலே இருக்கிறவனுக்கு. கீழே இருப்பவனுக்கு ஒரு போன் நம்பர், ஒரு பட்டப்பெயர், ஒரு கார் பார்க். அவன் சொல்வதற்குள் நம்பர் செத்திருக்கும். பன்னீர்செல்வமும் தகவல் கொடுத்தார், போதாது என்றார்கள்.

72.5 கிராமோடு பிடிபட்ட இரண்டு சிங்கப்பூர் நண்பர்கள் வழக்கு இன்னும் மோசம். ஒன்றாக வாங்கினார்கள், ஒன்றாகப் பிடிபட்டார்கள். ஒருவருக்குச் சான்றிதழ் கிடைத்தது, ஆயுள் தண்டனையும் 24 பிரம்படியும். மற்றவருக்குக் கிடைக்கவில்லை. தப்பித்தவர் நீதிமன்றத்திலேயே, அவனை விடவில்லை என்றால் நானும் அவனோடு போகிறேன் என்ற அர்த்தத்தில் பேசினார். 2017 மே மாதம் மற்றவர் போனார்.

17 அக்டோபர்

சிங்கப்பூர் அரசாங்கத்தின் பக்கத்துப் புள்ளிவிவரம் ஒன்றை நண்பர் ஒருவர் எடுத்துப் போட்டிருக்கிறார். நல்லது, நானும் அதைத்தான் தேடிக்கொண்டிருந்தேன். அபினுக்கு 1,200 கிராம் தூக்கு எல்லை 1990-ல் வந்தது. அடுத்த நான்கு வருஷத்தில் ஒவ்வொரு கடத்தலிலும் இருந்த சராசரி எடை 66 சதவீதம் குறைந்தது என்கிறது உள்துறை அமைச்சு.

நம்புகிறேன். ஆனால் குறைந்தது எது? ஒருவன் ஒரு தடவை தூக்கி வரும் எடை. மொத்தச் சரக்கு இல்லை. எல்லை 1,200 என்றால் 1,100 கொண்டு வா என்று முதலாளி சொல்வான். மூன்று கிலோவுக்கு ஒருவன் போதுமாயிருந்த இடத்தில் இப்போது மூன்று பேர் வேண்டும். அந்த மூன்று பேர் எங்கிருந்து வருவார்கள்? எங்கள் தாமானிலிருந்துதான்.

18 அக்டோபர்

ராத்திரி தூக்கம் வராமல் இதையே யோசித்தேன். மேலே சொன்னது அபினுக்கும் கஞ்சாவுக்கும் சரி. சமையலறைத் தராசு போதும். ஹெராயினுக்கு அந்தக் கணக்கு அப்படியே ஓடாது.

சிங்கப்பூரில் தூய எடையைத்தான் எடுப்பார்கள், ஆய்வகத்தில் பிரித்து. தெருவில் வரும் தூளில் தூய சாமான் சில சதவீதம்தான், மீதியெல்லாம் கலப்படம். கடத்துகிறவர்கள் 'பத்து' (மலாயில் கல்) என்று சொல்லும் ஒரு பவுண்டு கட்டில் எவ்வளவு இருக்கிறது என்று தூக்குகிறவனுக்கு எப்படித் தெரியும்? ஒரே கனமான இரண்டு கட்டு. ஒன்றில் 9 கிராம், இன்னொன்றில் 17. ஒருவன் நடுவயதில் வெளியே வருவான், ஒருவன் வரவே மாட்டான். இரண்டு பேருக்கும் கொடுத்த கூலி ஒன்று. பயந்து எடையைக் குறைப்பதற்குக்கூட அவனுக்கு வழி கிடையாது. அப்படியென்றால் அந்த 15 யாரைப் பயமுறுத்த வைத்திருக்கிறார்கள்? கலந்து கட்டுகிறவனுக்குத்தான் அந்தக் கணக்கு தெரியும், அவன் பாலத்துக்கு இந்தப் பக்கம் தேநீர் குடித்துக்கொண்டிருப்பான்.

18 அக்டோபர்

இந்தியாவில் 2020-க்குப் பிறகு கலப்படத்தையும் சேர்த்தே எடை. உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. ஆக ஒரே பொட்டலம் கடலுக்கு அந்தப் பக்கம் ஓர் எடை, இந்தப் பக்கம் ஓர் எடை.

19 அக்டோபர்

நாளை தீபாவளி. வீட்டில் எண்ணெய்ச் சட்டி இறங்கவில்லை, நான் இங்கே தூக்கைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன் என்று மனைவி சொல்லிவிட்டார். சுருக்கமாக.

தமிழ்நாட்டுத் தம்பிக்கு: கடுமையான சட்டம் உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. 1985-ஆம் வருஷத்து என்டிபிஎஸ், போதைப்பொருள் தடுப்புச் சட்டம். கஞ்சா 20 கிலோ, ஹெராயின் 250 கிராம், அதற்கு மேல் என்றால் குறைந்தது 10 வருஷம். 37-ஆம் பிரிவு இருக்கிறவரை ஜாமீன் குதிரைக்கொம்பு. சில குற்றங்களை மறுபடி செய்தால் தூக்கேகூட உண்டு. அதுவும் முதலில் கட்டாயமாக இருந்தது, 2011-ல் மும்பை உயர் நீதிமன்றம் கட்டாயம் கூடாது என்றது, 2014-ல் சட்டமும் மாறியது. போதாததற்கு உங்கள் குண்டர் சட்டம். மரத்தடியில் நிற்கிறவன் ஜாமீனில் வருகிறான் என்றால் அவன் பையில் 20 கிலோவுக்குக் கீழே இருக்கிறது, அவ்வளவுதான். அங்கேயும் தராசு வேலை செய்கிறது பாருங்கள்.

எல்லாருக்கும் தீபாவளி வாழ்த்துகள்.

23 அக்டோபர்

யாழ்ப்பாணத்திலிருந்து ஓர் அக்கா எழுதியிருக்கிறார், அவர் சொன்னதை அப்படியே போடுகிறேன்: "இஞ்ச ரெண்டு கிராம் ஹெராயினுக்கே மரண தண்டனை சட்டத்தில கிடக்குது. 76-க்குப் பிறகு ஒருத்தரையும் தூக்கேல்ல. தூள் வாறது நிண்டதோ? நிக்கேல்ல. தூக்கினா நிக்குமெண்டு சொல்லுற ஆக்கள் எங்கட கடலை வந்து பாக்கட்டும்."

சில தம்பிகள் உடனே "அதான், தூக்காததாலதான் நிக்கல" என்று பதில் போட்டிருக்கிறார்கள். நியாயமான கேள்விதான். அதற்குத்தான் மலேசியாவைச் சொன்னேன். இங்கே தூக்கினார்கள், வருஷக்கணக்காக.

23 அக்டோபர்

தமிழர்களைத்தான் தேடித் தூக்குகிறார்கள் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அப்படி நான் எங்கேயும் சொல்லவில்லை. தூக்கப்பட்டவர்களில் மலாய்க்காரர்கள் நிறைய. 2023-ல் போன பெண்மணியும் மலாய்க்காரர்தான், 30.72 கிராம். தூக்கு வேண்டும் என்று மேடையிலும் பேட்டியிலும் வாதாடுகிற உள்துறை அமைச்சர் சண்முகமும் தமிழர்தானே. இனத்தைவிட முகவரி முக்கியம். வாடகை அடுக்குமாடி, தோட்டத்தைவிட்டுக் கிளப்பி வந்த குடும்பம், படிப்பு பாதியில் நின்ற பையன். அந்த முகவரியில் எங்கள் ஆட்கள் அதிகம் இருக்கிறார்கள், அது வேறு விவாதம்.

ஒரு வழக்கு மட்டும் எனக்கு நெருடுகிறது. தங்கராஜு சுப்பையா, 2023 ஏப்ரல். ஒரு கிலோ கஞ்சா, துல்லியமாக 1,017.9 கிராம். அதை அவர் கையால் தொடவேயில்லை. சுமந்து வந்தவரின் போனில் இருந்த இரண்டு நம்பர்கள் இவருடையவை என்பதுதான் முக்கியச் சங்கிலி. சுமந்து வந்தவர் மீதான குற்றச்சாட்டு தூக்கு எல்லைக்குக் கீழே இறங்கியது, போனில் இருந்தவருக்குத் தூக்கு. வாக்குமூலம் எடுக்கும்போது தமிழ் மொழிபெயர்ப்பாளர் கேட்டேன், தரவில்லை என்றார். நீதிமன்றம் நம்பவில்லை. நம்பாததற்குக் காரணமும் சொன்னது, இந்தப் பேச்சே விசாரணையில்தான் முதன்முதலில் வந்தது என்று. படித்தேன். எனக்கு இன்னும் தொண்டையில் நிற்கிறது.

26 அக்டோபர்

பக்கத்து வீடு. சொல்கிறேன் என்றேன்.

அந்தப் பையன் எங்கள் வீட்டில் கேரம் ஆடி வளர்ந்தவன். அப்பா இல்லை. சிங்கப்பூரில் கார் கழுவும் வேலை. இருக்கைக்கு அடியில் ஒரு கட்டு, கொண்டு போனால் சில நூறு வெள்ளி (டாலர்). முதல் தடவை சரியாகப் போனது, அதுதான் கேடு. அப்புறம் ஒருநாள் போன் எடுக்கவில்லை.

அவன் குற்றவாளி இல்லை என்று நான் சொல்லவே மாட்டேன். என்னவென்று அவனுக்குத் தெரியும். தெரியாதது போல் இருந்தான், அவ்வளவுதான். 14.99 ஆக்கினார்கள். அந்த அம்மா தமிழ்ப் பேப்பரில் 'தூக்கிலிருந்து தப்பினார்' என்று வந்த இரண்டு வரியை வெட்டிச் சாமி மேடையில் வைத்திருக்கிறார். 20 வருஷம் என்பது நல்ல செய்தியாக ஆன வீடு அது.

கட்டைக் கொடுத்தவன் யார் என்று தாமானில் பாதிப் பேருக்குத் தெரியும். பையன் போலீஸில் சொன்னது பட்டப்பெயரை. ஆள் கொஞ்ச நாள் கண்ணில் படவில்லை, பிறகு திரும்பி வந்தான். கோயில் திருவிழாவுக்கு நன்கொடை கொடுத்தான், பலகையில் பெயர் போட்டார்கள். நான் கமிட்டியில் சண்டை போட்டு விலகினேன். வீரம் ஒன்றும் இல்லை, சண்டை போட்டது பலகையைப் பற்றி. ஆளைப் பற்றிப் பேச எனக்கும் தைரியம் வரவில்லை. மோட்டாரை வெளியேதான் நிறுத்துகிறேன்.

27 அக்டோபர்

"அவனைத்தான் தூக்கணும்" என்று நேற்றிலிருந்து ஒன்பது பேர் எழுதிவிட்டீர்கள். எனக்கும் முதலில் அதுதான் தோன்றியது. ஆனால் 15 கிராமை அவன் எப்போது கையில் வைத்திருப்பான்? எடையைப் பிடிக்கிற சட்டம் எடையைச் சுமக்கிறவனைத்தான் பிடிக்கும். கட்டு கொடுத்தவனைப் பிடிக்க வேண்டுமென்றால் வங்கிக் கணக்கைப் பார்க்க வேண்டும், சாட்சிக்குப் பாதுகாப்பு வேண்டும், எங்கள் ஊர் ஸ்டேஷனில் யாருக்கு யார் தேநீர் வாங்கிக் கொடுக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். அதற்கெல்லாம் கயிறு தேவையில்லை, அலுப்பான வேலை தேவை.

மலேசியாவில் 2023 ஜூலை 4-லிருந்து கட்டாயத் தூக்கு எந்தக் குற்றத்துக்கும் இல்லை. தூக்கு இருக்கிறது, கட்டாயம் இல்லை. மரண தண்டனைக் கைதிகள் கூட்டரசு நீதிமன்றத்தில் திரும்பப் பார்க்கச் சொல்லிக் கேட்டு, நூற்றுக்கணக்கானவர்களுக்குச் சிறையாக மாறியது. வானம் இடிந்து விழவில்லை. தூளும் ஒழியவில்லை. ஐஸ் வந்துகொண்டிருக்கிறது, முன்பு போலவே.

2 நவம்பர்

கேபோட் பற்றிக் கேட்ட கல்லூரி மாணவருக்கு: ஆமாம், எடோமிடேட் கலந்த வேப். மயக்க மருந்து அது, அறுவைக்கு முன்னால் கொடுப்பது. சிங்கப்பூர் 2025 செப்டம்பர் 1-லிருந்து அதைத் தற்காலிகமாக சி வகைப் போதைப்பொருளாக்கியது. தூக்கு எல்லை எதுவும் அதற்கு இல்லை. ஆனாலும் வைத்திருந்தால் சிறுநீர், முடி எல்லாம் எடுப்பார்கள். வெளிநாட்டுக்காரன் மறுபடி மறுபடி மாட்டினால் பாஸ் போய்விடும். வேலைக்கு வரும் பையன்கள் ஜொகூர் பாருவில் விற்கும் வேப்பைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பாலம் ஏறாதீர்கள். தாய்லாந்தின் ஹாட்யாயில் கஞ்சா இழுத்துவிட்டு வந்த சிங்கப்பூர்க் குடிமக்களுக்கும் அதே கதைதான், வெளிநாட்டில் உட்கொண்டாலும் அங்கே குற்றம்.

4 நவம்பர்

ஜொகூர் பாருவின் லார்கின் பஸ் நிலையத்திலிருந்து பஸ்ஸில் போகும்போது தெரிந்தவர் பார்சல் கொடுத்தால் என்ன செய்வது என்று ஒரு தங்கை கேட்டிருக்கிறார். வாங்காதே அம்மா. ஏற்கெனவே வாங்கிவிட்டால் ஸ்கேனருக்கு முன்னால் அதிகாரியைக் கூப்பிட்டு, இது என்னுடையது இல்லை, இன்னார் கொடுத்தது, திறந்து பாருங்கள் என்று சொல். ஸ்கேனரைத் தாண்டிய பிறகு சொன்னால் அது வேறு கதை. மோட்டார்க்காரர்கள் சீட்டுக்கு அடியில் பூட்டு சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். என் மாமியார் சிங்கப்பூரில் இருக்கும் மச்சினிக்குக் கொடுத்தனுப்பும் ஊறுகாய் ஜாடியையே நான் திறந்து கரண்டி விட்டுக் கிளறித்தான் எடுத்துக்கொண்டு போகிறேன். அவருக்கு என்மேல் கோபம். ஊறுகாய் கெட்டுப்போகிறதாம்.